மல்பா வண்டி

இருபத்திரண்டு வருடம் ராணுவத்தில் இருந்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்ற ஜெயசீலனுக்கு, நாற்பத்து மூன்றாம் வயதில் ஒரு காலி நிலத்துக்குக் காவல் நிற்கும் வேலை கிடைத்தது.

துவாரகாவில் அவர் குடும்பம் வாடகைக்கு இருந்த ஃப்ளாட்டிலிருந்து பத்து நிமிட நடைதான் அந்த நிலம். முன்னால் சாலை. பின்னால் நாலா என்று எல்லோரும் சொல்கிற பெரிய சாக்கடைக் கால்வாய். மருந்தகம் கட்ட ஒதுக்கிய இடம் என்று ஒரு பலகை துருப்பிடித்து நின்றது. மருந்தகம் வரவில்லை, மல்பாதான் வந்தது. உடைத்த சுவர், பெயர்த்த டைல்ஸ், விரிசல் விட்ட வாஷ்பேசின், கம்பி நீட்டிக்கொண்டிருக்கும் கான்கிரீட் என்று வீடு இடிப்பதில் மிஞ்சும் எல்லாவற்றுக்கும் தில்லியில் அதுதான் பெயர். சுற்றியுள்ள அடுக்குமாடி சொசைட்டிகளில் யார் பாத்ரூமைப் புதுப்பித்தாலும் பழைய பாத்ரூம் இங்கே வந்து விழும். பதினைந்து வருடத்தில் அது இரண்டு ஆள் உயரத்துக்கு ஏறிவிட்டது. மழைக்காலத்தில் அது சரிந்து நாலாவை அடைத்துக்கொள்ளும், பின்தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும்.

அந்த வருடம் இப்படிப்பட்ட இடங்களை ஒழிக்க மத்திய அரசிடமிருந்து முதல் தவணைப் பணம் வந்தது. லாரிகள் பன்னிரண்டு நாள் அள்ளின. வேலி போட்டார்கள், கம்பம் நட்டு இரண்டு கேமரா வைத்தார்கள். பகல் முழுக்க நின்று பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் மார்ஷல்களை எடுத்தார்கள். முன்னாள் ராணுவத்தினருக்கு முன்னுரிமை என்று விளம்பரத்தில் இருந்தது.

"இன்னா வேலைன்னு யார்னா கேட்டா இன்னா சொல்றது?" என்று கேட்டாள் செல்வி. அவர் மனைவி. விமான நிலையத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராக இருந்தாள்.

"மார்ஷல்னு சொல்லு."

"சினிமா பேரு மாதிரி கீது," என்றாள். ஆனாலும் ஆரஞ்சு நிற ஜாக்கெட்டைத் தண்ணீரில் நனைத்துக் கஞ்சி வாடை போகத் துவைத்து, இஸ்திரி போட்டுக் கொடுத்தாள்.

ஜெயசீலன் அந்த வேலையை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. காலை ஏழரைக்குப் போய்விடுவார். அள்ளி முடித்த நிலத்தில் ஆகஸ்ட் மழைக்கு ஒரு மெல்லிய பச்சை முளைத்தது. பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினார்கள். பக்கத்து சொசைட்டியிலிருந்து அனந்தலக்ஷ்மி என்ற அம்மாள் மாலையில் நடக்க வர ஆரம்பித்தாள். "இத்தனை வருஷத்துல இந்தப் பக்கம் ஜன்னலைத் திறந்ததே இல்லை, தெரியுமா," என்று அவரிடம் ஒரு நாள் சொன்னாள். அன்று வீட்டுக்குப் போய் அதைச் செல்வியிடம் இரண்டு தடவை சொன்னார்.

முதல் வாரத்திலேயே அவர் நிறுத்திய வண்டி ராம்தீரத்துடையது. மூன்று சக்கரம் வைத்து மிதிக்கிற, பலகை போட்ட டேலா. மேலே பத்துப் பதினைந்து மூட்டை மல்பா. ராம்தீரத்துக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். பீகார்க்காரன். இடது கையில் இரண்டு விரல் மடங்காது.

"அண்ணே, இங்கே கொட்டக்கூடாது," என்றார் ஜெயசீலன் இந்தியில்.

"சரி ஃபௌஜி ஜி. எங்கே கொட்டணும்?"

நிற்கிற விதத்திலேயே ராணுவக்காரர் என்று கண்டுகொண்டுதான் ஃபௌஜி என்றான். அது எதிர்த்துக் கேட்ட கேள்வி இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டான். ஜெயசீலனிடம் விடை இருந்தது. அரசு அங்கீகரித்த சேகரிப்பு மையம் ஒன்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். அதைச் சொன்னார்.

"போயிருக்கேன் ஜி. கேட்ல விடலை. டேலா உள்ளே வரக்கூடாதாம். டிரக்குக்கு மட்டும்தானாம்."

ஜெயசீலன் நம்பவில்லை. விடுமுறை நாளில் பஸ் பிடித்து அந்த மையத்துக்குப் போனார். வாசலில் இருந்த காவலாளி எடைமேடையைக் காட்டினான். "இதுமேல டேலா ஏத்தினா ரீடிங்கே வராது. ரீடிங் இல்லாம ரசீது கிடையாது. ரசீது இல்லாம உள்ளே விட முடியாது." ஜெயசீலன் திரும்பி வந்து, மாநகராட்சியின் மண்டல அலுவலகத்தில் சுகாதார ஆய்வாளராக இருந்த அர்விந்திடம் விஷயத்தைச் சொன்னார்.

அர்விந்த் சின்ன வயசுக்காரன், தில்லிக்காரன். கெட்டவன் இல்லை. சொன்னதைக் கேட்டான், யோசித்தான். கடைசியில் நிலத்தின் ஒரு மூலையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கொடுத்தான். டேலாக்காரர்கள் கோட்டுக்குள் மட்டும் இறக்கலாம். செவ்வாயும் வெள்ளியும் மண்டலத்தின் லாரி வந்து அள்ளிக்கொண்டு மையத்துக்குப் போகும்.

"ஒரு ஆர்டர் எழுதிக் கொடுங்க சார்," என்றார் ஜெயசீலன்.

"எழுத்துல வேண்டாம் ஜெயசீலன் ஜி. எழுதினா ஃபைல் மேலே போகும். மேலே போனது என்னைக்குக் கீழே வந்திருக்கு?"

செப்டம்பரும் அக்டோபரும் அந்த ஏற்பாடு நடந்தது. ராம்தீரத் மற்ற டேலாக்காரர்களையும் கூட்டிவந்தான். ஒன்பது பேர் ஆனார்கள். கோட்டைத் தாண்டி ஒரு செங்கல் விழுந்தால் அவனே இறங்கி எடுத்து உள்ளே போடுவான். லாரி வருகிற நாளில் ஜெயசீலனுக்கு வந்துபோன ஆள் கணக்கு, மூட்டைக் கணக்கு எல்லாம் மனப்பாடமாக இருக்கும். ராம்தீரத் தன் வண்டியைப் பற்றித்தான் அதிகம் பேசுவான். அது வாடகை வண்டி இல்லை, சொந்த வண்டி. சைக்கிள் டயர் பாரம் தாங்காது என்று பின்சக்கரங்களுக்கு மோட்டார் சைக்கிள் டயர் போட்டிருந்தான். "இதே மாதிரி துவாரகாவுலே இன்னொண்ணு காட்டுங்க பார்க்கலாம்," என்பான்.

தீபாவளி முடிந்து காற்று கெட்டது. எதிர்ச் சாலையில் வருகிற பஸ்ஸின் எண் தெரியாத அளவுக்குப் புகை. வழக்கம்போலத் தடை வந்தது. கட்டட வேலை கூடாது, மல்பா லாரி ஓடக் கூடாது. மண்டலத்தின் லாரியும் நின்றது.

வெளியே தெரிகிற வேலைகள் நின்றன. வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூம் உடைப்பவர்களை யார் பார்க்கப்போகிறார்கள்? டேலாக்கள் வந்துகொண்டே இருந்தன.

"கொஞ்ச நாள் எடுத்துட்டு வராதீங்க," என்றார் ஜெயசீலன்.

"எத்தனை நாள் ஜி?" என்றான் ராம்தீரத்.

அவர் அர்விந்துக்குப் போன் செய்தார். "அடுத்த வாரம் தடை நீங்கிடும், அதுவரைக்கும் சமாளிங்க," என்றான் அர்விந்த். அடுத்த வாரம் நீங்கவில்லை. அதற்கடுத்த வாரம் இன்னும் கடுமையானது. சுண்ணாம்புக் கோடு எங்கே என்று தெரியாமல் மல்பா பரவியது. அவர் வேலைக்கு வருவதற்கு முன்னால் விடியற்காலையில் லாரிகளும் வந்து கொட்டிப் போயிருப்பதை டயர் தடத்தில் தெரிந்துகொண்டார். தடையில் ஓடுகிற லாரி யாருடையது என்று பார்க்கக் கேமரா இருந்தது. இரண்டில் ஒன்றுதான் வேலை செய்தது. அது பார்த்த திசை, ஜெயசீலன் நாற்காலி போட்டு உட்காரும் இடம்.

நவம்பர் முடிவதற்குள் நிலத்தில் கால்வாசி போய்விட்டது. பிள்ளைகள் ஆட்டத்தை வேறெங்கோ கொண்டுபோனார்கள். அனந்தலக்ஷ்மி அம்மாள் ஒரு நாள் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, அப்படியே திரும்பிப் போனாள்.

டிசம்பர் முதல் வாரம் அமைச்சகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. அதற்கு மூன்று நாள் முன்னால் அர்விந்த் ஜேசிபியோடு வந்தான். லாரியில் ஏற்றத்தான் தடை, தள்ளுவதற்குத் தடை இல்லை. மேட்டை நாலாவின் விளிம்புவரை தள்ளி, முன்னால் பச்சை வலை கட்டினார்கள். வலையில் தூய்மையைப் பற்றி ஒரு வாசகம் தொங்கவிட்டார்கள்.

ஆய்வுக்கு முந்தின நாள் மதியம் அர்விந்த் நாற்காலியில் உட்கார்ந்து படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். முகம் சரியில்லை.

"ஜெயசீலன் ஜி, உங்க டேலாக்காரன் ஒருத்தனைக் கூப்பிடுங்க. லோடோட வரச் சொல்லுங்க. ரிப்போர்ட்டுக்கு ஒரு போட்டோ வேணும்."

ஜெயசீலன் ராம்தீரத்துக்குப் போன் போட்டார். அரை மணி நேரத்தில் அவன் வந்துவிட்டான். வலையைப் பார்த்து, "நல்லாயிருக்கே ஜி," என்றான். வண்டியை நிலத்தின் நடுவில் நிறுத்தச் சொல்லி, அவனை ஒரு மூட்டையைத் தூக்கச் சொல்லிப் படம் எடுத்தார்கள். பிறகு மண்டலத்தின் சின்ன லாரி ஒன்று உள்ளே வந்தது. அர்விந்த் ரசீதுப் புத்தகத்தைத் திறந்து, 'பறிமுதல்' என்ற பக்கத்தை எடுத்தான்.

ஜெயசீலனுக்கு அப்போதுதான் புரிந்தது. அர்விந்தைத் தனியாக அழைத்துப்போனார்.

"சார், நாமதான் இவங்களை இங்கே கொட்டச் சொன்னோம்."

"தெரியும். ஆனா பறிமுதல் செய்த வாகனங்கள்னு ஒரு கட்டம் இருக்கு. நாலு மாசமா பூஜ்யம். லாரிக்காரன் எவனையாவது பிடிச்சோமா? நீங்க பிடிச்சீங்களா? பூஜ்யம்னு போனா மொத்த மண்டலமும் வேலையே செய்யலைன்னு ஆகும். ரெண்டு நாள். ஆய்வு முடிஞ்சதும் நானே விட்டுடறேன்."

"ரெண்டே நாளா?"

"ரெண்டே நாள். சாட்சின்னு இங்கே கையெழுத்துப் போடுங்க. நீங்க போடலைன்னா வேற மார்ஷலைக் கூப்பிட்டுப் போட வைப்பாங்க. நீங்களா இருந்தா அவன்கிட்டே எடுத்துச் சொல்லலாம் இல்லையா?"

சட்டத்துக்குப் புறம்பாகக் கழிவு கொட்டும்போது நேரில் கண்டேன் என்று அச்சடித்திருந்தது. ஜெயசீலன் கையெழுத்துப் போட்டார். ராம்தீரத்திடம் போய், இரண்டு நாளில் வண்டி திரும்பி வந்துவிடும் என்று சொன்னார். ராம்தீரத் ஹாண்டில்பாரில் கட்டியிருந்த சாப்பாட்டுத் தூக்கை அவிழ்த்துக்கொண்டு, வண்டியை லாரியில் ஏற்ற அவனும் ஒரு பக்கம் பிடித்தான். "மெதுவா, செயின்ல கை வைக்காதீங்க," என்று ஏற்றுகிறவர்களிடம் சொன்னான்.

ஆய்வுக்கு வந்தவர் பட்டாபி. அமைச்சகத்தில் அண்டர் செகரட்டரி. பெயர்ப்பட்டையைப் பார்த்துவிட்டு, மற்றவர்கள் கேமராக் கம்பத்தருகே நின்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் ஜெயசீலனிடம் வந்தார்.

"நீங்க தமிழா? எந்த ஊர்?"

"குடியாத்தம் பக்கம் சார்."

"நான் பொறந்ததே கரோல் பாக். தமிழ் பேசுவேன், படிக்க வராது." சிரித்தார். பிறகு வலையைப் பார்த்தார். "அதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

ஜெயசீலன் எல்லாவற்றையும் சொன்னார். எடைமேடை, சுண்ணாம்புக் கோடு, நின்றுபோன லாரி, ஜேசிபி, ராம்தீரத்தின் வண்டி, தன் கையெழுத்து. பட்டாபி நடுவில் குறுக்கிடாமல் கேட்டார்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்," என்றார். "நான் இதை எழுதலாம். எழுதினா இந்த மண்டலத்துக்கு அடுத்த தவணை நின்னுடும். மொதல்ல போறது உங்க வேலை. தடை நீங்கினா வரப்போற லாரியும் வராது. மல்பா மட்டும் வந்துண்டுதான் இருக்கும்."

"அந்த வண்டி சார்? அவன் ஒண்ணும் தப்பு பண்ணல. நாங்க சொன்ன எடத்துலதான் கொட்டிக்கினு இருந்தான்."

"அது இப்போ என் ரிப்போர்ட்ல ஒரு நம்பர். அதை எடுத்துட்டா அங்க சைஃபர் வரும். அதுக்குக் காரணம் கேப்பா. காரணத்தை எழுதினா மறுபடியும் மொதல்லேர்ந்து." பட்டாபி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாலு வருஷமா இப்படித்தான் ஊர் ஊராப் போய்ப் பாத்துண்டு வரேன். வலை கட்டாத ஒரு எடத்தை இன்னும் பாக்கலை."

திருப்திகரம் என்று எழுதிக்கொண்டு போனார்.

இரண்டு நாள் கழித்து ஜெயசீலன் மண்டல அலுவலகத்துக்குப் போனார். அர்விந்த் கண்ணைப் பார்க்காமல் பேசினான். பறிமுதல் எண் அமைச்சகத்தின் போர்ட்டலில் ஏறிவிட்டதாம். ஏறிய வண்டியை அவன் விட முடியாதாம். விசாரணை அதிகாரி முன்னால் வழக்கு வரவேண்டும், மார்ச் மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

"மார்ச் வரைக்கும் அவன் இன்னா செய்வான் சார்?" வாயில் தமிழ்தான் வந்தது. பிறகு இந்தியில் கேட்டார். அர்விந்த் கிடங்கின் முகவரியை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்தான்.

ஜெயசீலன் வண்டிகள் கிடக்கும் கிடங்குக்குப் போனார். ராம்தீரத்தும் வந்தான். கம்பி வேலிக்கு இந்தப் பக்கமிருந்து, உடைந்த பெட்டிக்கடைகளுக்கும் தள்ளுவண்டிகளுக்கும் அடியில் அவன் தன் வண்டியைக் கண்டுபிடித்துக் காட்டினான். பின்சக்கரம் இரண்டும் இல்லை.

"அந்த டயரைத்தான் எடுப்பாங்கன்னு தெரியும்," என்றான்.

விடுவிக்கக் கோரி மனு எழுதவேண்டும் என்றார்கள். ராம்தீரத்துக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஜெயசீலனுக்கு இந்தி பேச வரும், எழுத வராது. பள்ளியில் படிக்கும்போதே இந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியவள் செல்வி. இரவு ஷிஃப்ட் இல்லாத ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையல்கட்டு மேடையிலேயே காகிதத்தை வைத்துக்கொண்டு எழுத ஆரம்பித்தாள். பாதி எழுதியதும் நிமிர்ந்தாள்.

"சாட்சி பொய்யின்னு எழுதணும். அப்பதான் மனு நிக்கும்."

"எழுது."

"யாரு சாட்சின்னு பேர் போடணுமே."

"போடு."

"வேல பூடும்."

"தெரியும் செல்வி. போடு."

"ஏர்போர்ட்ல ஒரு நாளைக்கு எத்தன மூட்ட வெளிய போவுது, தெரியுமா? நாங்க சீல் வச்சிக் குடுப்போம். அதுக்கு மேல அது எங்க போவுதுன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல," என்றாள். பிறகு குனிந்து அவர் பெயரை எழுதினாள்.

மனுவை வாங்கி முத்திரை குத்திக் கொடுத்தார்கள். விசாரணை நாளில் பார்க்கப்படும் என்றார்கள். பொய்ச் சாட்சி என்று எழுதியதற்காக ஜெயசீலனின் வேலை போகவில்லை. யாரும் அதைப் படித்ததாகவே தெரியவில்லை. ஜனவரியில் தடை தளர்ந்தது. லாரி ஒரே ஒரு முறை வந்து, வலைக்கு முன்னால் இருந்ததை மட்டும் எடுத்தது. இரண்டாம் தவணை வந்து, வேறு ஒரு நிலத்தில் வேலி போட்டார்கள். பிப்ரவரிக் கடைசியில் மார்ஷல்களின் ஒப்பந்தம் முடிந்தது. இனி ஒரு ஏஜென்சி ஆள் அனுப்பும் என்று சொல்லி ஜாக்கெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். ஏஜென்சியிலிருந்து யாரும் வரவில்லை.

அந்த மாதங்களில் ராம்தீரத் அவ்வப்போது போன் செய்துகொண்டிருந்தான். தேதி மாறவில்லையே என்று கேட்பான். அடுத்தவன் லாரியில் மூட்டை தூக்கும் வேலைக்குப் போவதாகவும், அந்த இரண்டு விரல் காரணமாகப் பிடி நழுவுவதாகவும் ஒரு முறை சொன்னான். ஒரு தடவைகூட அவரைக் குறை சொல்லவில்லை. ஹோலிக்குப் பிறகு அவன் போன் அணைந்திருந்தது.

விசாரணை நாளன்று ஜெயசீலன் காலையிலேயே அவன் குடியிருந்த இடத்துக்குப் போனார். நாலாவை ஒட்டி வரிசையாகத் தகரம் போட்ட அறைகள். அவன் அறையில் வேறொரு குடும்பம் இருந்தது. இருமிக்கொண்டே ஒரு பெண் வெளியே வந்தாள்.

"அவரா? போய்ட்டாரே. செங்கல் சூளைக்கு ஆள் எடுத்தாங்க, அதுல போனார்."

"எந்த ஊர் சூளை?"

"தெரியாது ஜி. ஹரியானா பக்கம்னாங்க. அங்கே எத்தனையோ சூளை இருக்கே."

ஜெயசீலன் தனியாகவே மண்டல அலுவலகத்துக்குப் போனார். மாடியில் விசாரணை அறை. பதினொன்றரைக்கு எண்ணைக் கூப்பிட்டார்கள். அவர் எழுந்து போய் நின்றார். விசாரணை அதிகாரி கோப்பிலிருந்து நிமிராமல், "ராம்தீரத் நீதானா?" என்றார்.

"இல்லை சார். நான் சாட்சி. என் சாட்சி பொய். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அதிகாரி இப்போது நிமிர்ந்தார். கோபமில்லாத, களைத்த முகம். "உங்க வாக்குமூலம் ஏற்கெனவே இருக்கு. வண்டிக்காரர் எங்கே?"

"வரல சார். சூளை வேலைக்குப் போயிட்டான். வண்டி இல்லாததாலதான் போனான்."

"அவர் வந்திருந்தா நீங்க சொல்றதைக் கேட்டிருக்கலாம். அவரே இல்லாதப்ப உங்களைக் கேட்க இதுல இடம் இல்லை."

"மனுவில எல்லாம் எழுதியிருக்கு சார்."

"மனுதாரர் ஆஜராகலை," என்று பக்கத்திலிருந்த எழுத்தரிடம் சொன்னார் அதிகாரி. எழுத்தர் எழுதிக்கொண்டார். வண்டி ஏலத்தில் பழைய இரும்பாகப் போகும் என்றும், ஆட்சேபம் இருந்தால் முப்பது நாளில் மேல்முறையீடு செய்யலாம் என்றும், அதையும் வண்டிக்காரர்தான் செய்யவேண்டும் என்றும் விளக்கினார். அடுத்த எண்ணைக் கூப்பிட்டார்கள். தலையில் முக்காடு போட்ட ஒரு கிழவி, பறிமுதலான காய்கறித் தள்ளுவண்டிக்காக எழுந்து வந்தாள். ஜெயசீலன் அவளுக்கு வழிவிட்டு நகர்ந்தார்.

படிக்கட்டில் இறங்கும்போது செல்வி போன் செய்தாள். பின்னால் விமான அறிவிப்பு கேட்டது.

"முடிஞ்சிதா?"

"முடிஞ்சிது."

"இன்னா சொன்னாங்க?"

"அவன் வந்திருந்தா கேட்டிருப்பாங்களாம்."

அங்கே யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். "சாப்டுட்டு வீட்டுக்குப் போங்க," என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை. வாசலில் சோலே குல்சா ரொட்டி விற்கிறவன் அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டிருந்தான். ஹரியானா போகும் பஸ்கள் எங்கே நிற்கும் என்று ஜெயசீலன் அவனிடம் கேட்டார்.

"ஹரியானாவுல எங்கே போகணும்?"

சும்மா கேட்டேன் என்று சொல்லிவிட்டு, ஜெயசீலன் வெயிலில் வீட்டுப் பக்கம் நடந்தார்.